ஆனியில் கல்யாணம், ஜோடனை நம் கையால்

தங்கச்சி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். கோயில் மண்டபத்தில் காலை முகூர்த்தம், அங்கேயே மதியச் சாப்பாடு, 400 பேர். பாட்டி முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நீங்கள் குடியிருந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை), குடும்பம் டவுன் பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டது. வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் பூ மணவறை உனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் இலை, பூ, பழம் வைத்து நீங்களே செய்ய ஆசை. அம்மாவோ, "காசில்லாமல் செய்தார்கள் என்று ஊர் பேசும்" என்கிறார். இப்போது மாசி தொடங்கியிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது, எதைச் செய்வது, எதை விடுவது என்பது உன் கேள்வி.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தில் மாலை கட்டி மணவறை ஜோடித்து வருகிறேன். நீ நினைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் எல்லாக் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆண்கள் ஆற்றோரம் போய் மூங்கில் வெட்டி வருவார்கள், தென்னை ஓலையில் பந்தல் எழும்பும், பிள்ளைகள் வர்ணக் காகிதத்தை முக்கோணமாக வெட்டிக் கஞ்சிப் பசையில் கயிற்றில் ஒட்டுவார்கள். என் அம்மா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள் யாரும் கூலி வாங்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு அப்பா போய்க் கம்பு நட்டார், கணக்கு சரியாகிவிட்டது.

முதலில் ஒரு வேலை செய். கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களைக் கொஞ்ச நாள் பார்க்காதே. ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கு. ஒரு பக்கத்தில் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று எழுது. தோரணம் பின்னத் தெரிந்த மாமா யார், மாக்கோலம் போடும் அத்தை யார், தையல் மெஷின் எந்த வீட்டில் இருக்கிறது, மூங்கில் கட்டத் தெரிந்தவர் யார், லாரி யாரிடம் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஆனி மாதம் நம் ஊரில் செடியிலும் மரத்திலும் என்ன இருக்கும் என்று எழுது. இந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற இடத்தில்தான் உன் ஜோடனை இருக்கிறது. படத்தில் தொடங்கிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கடைசி வாரம் பூவும் கிடைக்காமல், கட்ட ஆளும் இல்லாமல், ஈப்போவுக்கு ஓடிப் பிளாஸ்டிக் மாலை வாங்கி வந்து தொங்கவிடுவார்கள்.

கைவேலை என்றால் நம் ஆட்களோடு நிறுத்திக்கொள்ளாதே. என் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் சோற்றுக்கான ஓலைக் கூடு பின்னுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கை கூசும். ஒரு கல்யாணத்துக்கு அவரிடம் கேட்டேன். இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரே சாயங்காலத்தில் 60 கூடு பின்னிக் கொடுத்துவிட்டுப் போனார். வெறும் கூட்டைத் தோரணத்துக்கு இடையில் தொங்கவிட்டோம். அன்றைக்கு வந்த மலாய்க்கார விருந்தாளிகள் அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, மூன்று இடத்துக்கு மேல் கை வைக்காதே. வாசல், மணவறை, சாப்பாட்டு மேசை. கையால் செய்த பொருளை மண்டபம் முழுக்க இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தூவினால் அதுதான் ஏழ்மையாகத் தெரியும். அம்மா பயப்படுவது இதைத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூன்றே இடம் எடுத்து, கண்ணை நிறைக்கிற மாதிரி அடர்த்தியாக, நுனி பிசிறில்லாமல் முடித்தால் யாருக்கும் காசு நினைவு வராது. மண்டபச் சுவரையும் கூரையையும் அப்படியே விட்டுவிடு.

சரி, ஆனியில் என்ன இருக்கும்? ஜூன், ஜூலை நமக்குப் பழக்காலம். ரம்புத்தான், மங்குஸ்தான், டுரியான். மழை கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனாலும் பேராக்கில் பின்னேர மழையை எந்த மாதமும் நம்ப முடியாது. மாவிலை, வாழை, கமுகு, தென்னை எப்போதும் உண்டு. வீட்டு வேலியில் இட்லிப்பூ, காகிதப்பூ, செம்பருத்தி. கேமரன் மலைச் செவ்வந்தியும் ரோஜாவும் வருடம் முழுக்க இறங்கும். தைப்பூசமும் சீனப் பெருநாளும் பக்கத்தில் இல்லாததால் பூ விலை தை மாதம் போல ஏறாது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஆனிக் கடைசியில்தான் தேதி வைப்பார்கள். மேளம், சமையல், படம் எடுப்பவர், கூடாரம் எல்லாவற்றுக்கும் இப்போதே முன்பணம் கட்டிவிடு.

ரம்புத்தானை யாரும் ஜோடனையாக நினைப்பதில்லை. நான் நினைப்பேன். இலையோடு கொத்தாக ஒடித்த சிவப்பு ரம்புத்தானை வாசல் வாழைமரத்தில் குலைக்குக் கீழே கட்டிப் பார், எந்த வாடகைப் பூவும் கிட்டே நிற்காது. இரண்டு விஷயம் மட்டும் கவனி. பறித்த இரண்டு மூன்று நாளில் மேல்முடி கறுத்துவிடும், அதனால் முந்தின நாள் பின்னேரம்தான் பறிக்க வேண்டும். அப்புறம் எறும்பு. கொத்து ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முழுக அமுக்கி வைத்து, கொடியில் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்த பிறகே மண்டபத்துக்குள் கொண்டு போ. ஒரு தடவை அப்படிச் செய்யாமல் கட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும் நேரத்தில் கட்டெறும்பு இறங்கி ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்கள் துள்ளிக் குதித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தப்பு என் மேல்தான்.

பாளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்னம்பாளை வெடிக்கப் போகிற பருவத்தில், மட்டை இறுக்கமாக மூடியிருக்கும்போதே வெட்டிக் கொண்டுவந்து ஈரச் சாக்கில் சுற்றி வை. கல்யாணத்தன்று விடியற்காலை நுனியிலிருந்து கத்தியால் ஒரு கீறல் போட்டு இரண்டு பக்கமும் விரித்தால், உள்ளே தந்த நிறத்தில் கதிர் கதிராகப் பூ மின்னும். கை பட்டால் மெழுகு தடவியது போல இருக்கும். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் செம்பில் நிற்க வைத்தால் மணவறைக்கு அது ஒன்றே போதும். முந்தின நாளே விரித்துவிட்டால் மறுநாள் பழுப்பேறி, தரையெல்லாம் சின்னச் சின்னப் பூ கொட்டிக் கிடக்கும். கமுகம்பாளையும் இதே மாதிரிதான், இன்னும் மெல்லியது.

தோரணத்துக்கு வருவோம். குருத்தோலைத் தோரணம் வெறும் ஜோடனை இல்லை, அதற்கு இலக்கணம் உண்டு. மங்கல வீட்டுத் தோரணத்துக்கு நான்கு குருவி (குருவி வடிவ மடிப்பு), துக்க வீட்டுக்கு மூன்று. காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இது தெரியாமல் மூன்று குருவி மடித்துத் தொங்கவிட்டு, பெரியவர்கள் முகம் சுருங்கிப் போவதுண்டு. அதனால் தெரிந்த ஒரு மாமாவை உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குருத்து மட்டையில் ஏறக்குறைய 200 கீற்று கிடைக்கும். வாசல் 20 அடி என்றால் அரை அடிக்கு ஒன்றாக 40 தோரணம். கிழிந்தது, மடிப்பு தவறியது போக ஒரு மட்டை தாராளம். ஒரே மரத்தில் இரண்டு குருத்து எடுக்கக்கூடாது, மரம் இளைத்துவிடும். ஏறத் தெரிந்தவரே எடுக்கட்டும், மட்டையை முரட்டுத்தனமாக இழுத்தால் கொண்டை பழுதாகும்.

எப்போது பின்னுவது என்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேலை முடிந்தால் நிம்மதி என்று இரண்டு நாள் முன்பே பின்னி வாசலில் கட்டிவிட்டேன். இரண்டு நாளும் நல்ல வெயில். முகூர்த்தத்தன்று காலையில் பொன்னிறமாக இருக்க வேண்டிய ஓலை காய்ந்து சுருண்டு துடைப்பம் மாதிரி தொங்கியது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வாசலைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒரே முறைதான். முந்தின நாள் இரவு பின்னி, ஈரச் சாக்கில் பரப்பி மூடி, விடியற்காலை நான்கு மணிக்குக் கட்டுவது.

நீ ரப்பர் இலையைப் பற்றிக் கேட்டதில் எனக்குத் தனிச் சந்தோஷம். பாட்டியின் மரம் அல்லவா. இலையின் சதையை எடுத்துவிட்டு நரம்பை மட்டும் வலைபோல நிறுத்தும் வேலை இது. பொறுமை இருந்தால் வீட்டுப் பின்கட்டிலேயே செய்யலாம். முற்றின கரும்பச்சை இலை வேண்டும். இப்போது மாசியில் மரம் இலை உதிர்க்கும், பங்குனியில் செப்பு நிறத்தில் தளிர் விடும். தளிரைக் கொதிக்க வைத்தால் கூழாகிவிடும். ஆகவே சித்திரைக் கடைசி வரை பொறு, இலை முற்றிவிடும். உங்கள் தோட்டத்தில் மரம் இல்லாவிட்டால் என்ன, கோலகங்சார் போகும் பக்கமெல்லாம் துண்டு நிலம் வைத்து இன்னும் பால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ஒரு கிளை இலை இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எவர்சில்வர் பானையோ எனாமல் பானையோ எடு. அலுமினியம் வேண்டாம், சலவை சோடா அதை அரித்துத் தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். இலை மூழ்கத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, வெளியில் காற்றாட அடுப்பு வைத்து மெல்லிய கொதியில் ஒன்றிரண்டு மணி நேரம் விடு. தண்ணீர் சுண்டினால் ஊற்றிக்கொண்டே இரு. ஒரு இலையை எடுத்து விரலால் தேய்த்தால் பச்சை வழுக்கிக்கொண்டு வர வேண்டும், அதுதான் பக்குவம். கையுறை போட்டுக்கொள். அலசி, ஒரு ஓட்டின் மேல் விரித்து, மெத்தென்ற பழைய பல் பிரஷ்ஷால் நடு நரம்பிலிருந்து ஓரம் பார்த்துத் தட்டித் தட்டி எடு. தேய்த்தால் கிழியும். முதல் பத்து இலை கிழியத்தான் செய்யும், அதற்காக நிறுத்திவிடாதே. மூன்று இலையும் ஒரே காம்பில் ஒட்டியபடி முழுசாக வந்துவிட்டால் அதை மணவறைக்கு என்று தனியாக எடுத்து வை.

அலசும்போது ஏழெட்டுத் தண்ணீர் மாற்று. இதில் எனக்கு ஒரு அனுபவம். நரம்பிலைக்கு மஞ்சள் நிறம் ஏற்ற வெந்நீரில் மஞ்சள்தூள் கரைத்து அதில் போட்டேன். பாதி இலை மஞ்சளாக வந்தது, மீதி ஆரத்தித் தண்ணீர் மாதிரி செக்கச்செவேலென்று ஆனது. பிறகுதான் விளங்கியது, ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிற அதே விஷயம். இலையில் தங்கிப்போன சோடா மஞ்சளைச் சிவப்பாக்கிவிட்டது. இப்போது வேண்டுமென்றே பாதியைச் சரியாக அலசாமல் விட்டு இரண்டு நிறமும் எடுக்கிறேன். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும், அதனால் உலர்ந்த இலையைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து டப்பாவில் மூடி வை. 200 இலை இருந்தால் மணவறைக்குப் பின்னால் ஒரு மெல்லிய திரை கோர்க்கலாம். பின்னால் சின்ன விளக்குச் சரம் விட்டால் நரம்பு நரம்பாகத் தெரியும். ஹோமகுண்டத்துக்கும் குத்துவிளக்குக்கும் ஐந்தடிக்குக் கிட்டே இந்தத் திரை வரக்கூடாது. காய்ந்த இலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ரப்பர் கொட்டையையும் கேட்டிருந்தாய். அது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வெடித்து விழுவது. ஆனியில் தரையில் கிடைக்காது, போன வருடம் பொறுக்கி வைத்தவர்கள் யாராவது இருந்தால் சரி. இருந்தாலும் பிள்ளைகள் கைக்கு எட்டும் மேசையில் வைக்காதே, பச்சைப் பருப்பில் விஷம் உண்டு.

செம்பனைக்காட்டில் என்ன கிடைக்கும் என்று பலரும் கேட்பார்கள். மரத்தின் உடம்பில் ஒட்டி வளரும் பெரணி! மேசை ஜோடனைக்கு அதைவிட நல்ல பச்சை கிடையாது, தண்ணீரில் வைத்தால் மூன்று நாள் வாடாது. மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) மேனேஜரிடமோ வாய்விட்டுக் கேட்டு அனுமதி வாங்கு. பழக்குலையைத் தொடாதே, ஒரு குலை எடுத்தாலும் திருட்டுக் கேஸ்தான். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் நாகம் இருக்கும். காடு தெரிந்த ஒருவர் முன்னால் போக, பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போது மட்டும் போங்கள்.

பூவுக்கு வருகிறேன். செண்டுமல்லியை நீயே வளர்க்கலாம். விதை போட்டதிலிருந்து பூ பூக்க இரண்டு மாதம், ரகத்தைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே. ஆகவே சித்திரை மூன்றாம் வாரம் தொடங்கி, வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை விதை போடு. ஒரு தடவை மழை அழுக வைத்தாலும் மற்ற இரண்டும் கைகொடுக்கும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு செடியில் ஒரே நாளில் பறிக்க ஏழெட்டுப் பூ தேறும். நெருக்கிக் கோர்த்தால் ஒரு மீட்டருக்கு முப்பது பூவுக்கு மேல் போகும். 80 பாலிபேக் (செடிப் பை) வைத்தாலும் 17, 18 மீட்டர் சரம்தான். அது வாசலுக்குச் சரியாக இருக்கும். மணவறைக்கும் சேர்த்து வீட்டுத் தோட்டத்திலேயே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஏமாறாதே. மணவறைக்குக் கேமரன் செவ்வந்தியைக் கட்டாகச் சொல்லி வை.

மல்லிகையையும் மாப்பிள்ளை, பெண் மாலைகளையும் பூக்காரரிடமே கொடுத்துவிடு. இது என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. முகூர்த்த மாலை காலை ஆறு மணிக்குக் கையில் இருந்தாக வேண்டும், அந்த இரவு நீயும் உன் தோழிகளும் தூங்கியாக வேண்டும். ஆசைக்கு உன் தலைப்பூவை மட்டும் பாட்டி கையால் வாழைநாரில் கட்டச் சொல். முந்தின நாள் வாங்கிய மொட்டை ஈரத் துணியில் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. உறையும் தட்டில் வைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிக் கறுத்துப் போகும்.

சாப்பாட்டு மேசைக்கு நான் சொல்வது சாயோங் மண்சாடி. கோலகங்சாரில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாயோங் கிராமத்தில் செய்யும் சுரைக்காய் வடிவச் சாடி, லாபு சாயோங். சுட்ட சூட்டோடு உமியில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். அந்தக் கறுப்பில் மஞ்சள் செவ்வந்தியும் பெரணியும் நின்றால் அப்படி எடுப்பாக இருக்கும். மெருகு பூசாத மண், தண்ணீர் கசியும். கீழே ஒரு தட்டு வைக்காவிட்டால் மேசைத் துணியில் வட்டம் விழும். 40 மேசைக்கும் சாடி வாங்க வேண்டாம், பெரியவர்கள் உட்காரும் பத்து மேசைக்கு வை. மற்ற மேசைகளுக்கு வாழைப்பட்டையைத் தொட்டிபோல வெட்டி அதில் இட்லிப்பூவும் மாவிலையும் போதும். அந்தப் பக்கம் போகும்போது 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, அங்கே பாட்டியோடு நீயும் மாப்பிள்ளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழுக்கு அந்தப் படம் நன்றாக இருக்கும்.

மங்கு விளக்கு என்று நீ எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். பால் சேரும் பழைய பீங்கான் மங்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வாசல் நடையில் வரிசையாக வைக்கும் யோசனை. அழகான யோசனை. பீங்கானோ மண்ணோ மட்டும்தான், பிளாஸ்டிக் மங்கு உருகிவிடும். ஆனால் செய்வதற்கு முன் பாட்டியிடம் கேள். சில பெரியவர்களுக்கு அந்த மங்கு விடிவதற்கு முன் எழுந்து, அட்டைக்கடியும் கொசுக்கடியுமாக ஓடின காலம். அதைக் கல்யாண மேடைக்குக் கொண்டுவருவது அவர்களுக்கு வலிக்கலாம். ஒரு வீட்டில் தாத்தா "எடுத்து உள்ளே வை" என்று சொல்லிவிட்டார், எடுத்துவிட்டோம். இன்னொரு வீட்டில் பாட்டியே ஒவ்வொரு மங்கையும் சாம்பல் போட்டுத் துலக்கி, திரி திரித்து, முதல் விளக்கைத் தன் கையால் ஏற்றினார். இரண்டும் சரிதான். உன் பாட்டி எந்தப் பக்கம் என்று அவர் வாயால் தெரிந்துகொள்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவரைச் சம்மதிக்க வைக்கப் பேசிக்கொண்டே இருக்காதே, ஒரு துண்டைச் செய்து காட்டு. வாசல் தோரணத்தில் மூன்றடி, ஒரு மேசை ஜோடனை, ஐந்து நரம்பிலை. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துச் சித்தி, அத்தைகளைக் கூப்பிட்டுக் காட்டு. அவர்கள் "யார் செய்தது?" என்று கேட்கும்போது அம்மா என்ன பதில் சொல்கிறார் என்று பார். இன்னொன்று, முளைப்பாலிகையை முழுக்க அம்மா பொறுப்பில் விடு. உங்கள் வழக்கத்தில் இருந்தால் நவதானியம், இல்லாவிட்டால் பச்சைப்பயறு மட்டும். மண்கிண்ணத்தில் ஏழு நாள் முன்பு தூவி, முதல் இரண்டு நாள் இருட்டிலும் பிறகு வெளிச்சத்திலும் வைத்தால் விரல் நீளம் பச்சையாக எழும்பும். இருட்டிலேயே வைத்தால் வெளிறிப் போய்ச் சாய்ந்துவிடும். மணவறைக்கு முன்னால் ஒன்பது கிண்ணம் முளையோடு நிற்பது போன்ற அழகு எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காது, அது அம்மா வளர்த்ததாக இருக்கட்டும்.

மண்டபக்காரர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: சாவி எத்தனை மணிக்கு, சுவரில் ஆணி அடிக்கலாமா, பசைநாடா ஒட்டலாமா, காற்றாடி எங்கே இருக்கிறது. பல இடங்களில் முந்தின நாள் வேறு விசேஷம் இருந்து, இரவு பத்து மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் மணவறைச் சட்டத்தை மூங்கிலில் எட்டடிக்கு எட்டடியாக வீட்டிலேயே கட்டி, திரையை வீட்டிலேயே கோர்த்து, லாரியில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்ற அளவுக்குத் தயார் செய்துகொள். கோலத்தை ரங்கோலிப் பொடியில் போட்டால் காற்றாடி போட்ட ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். பச்சரிசியை ஊற வைத்து அரைத்த மாவில், காவி ஓரம் கட்டி ஈரக்கோலம் போடச் சொல். காய்ந்த பிறகு நடந்தாலும் லேசில் அழியாது.

ஆட்களைக் கூப்பிடும்போது மூன்று சாயங்காலமாகப் பிரி. ஒன்று மூங்கிலுக்கு, ஒன்று கோர்ப்பதற்கு, கடைசி இரவு தோரணத்துக்கும் பூவுக்கும். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) என்றால் வந்தவர் வயிறு நிறைய வேண்டும். நாசி லெமாக்கும் சுக்குக் காப்பியும் அடுப்பில் இருக்கட்டும். கடைசி இரவு உன்னை யாரும் வேலை வாங்கக்கூடாது. எல்லா வேலைக்கும் பதில் சொல்ல ஒரே ஆளை, உன் அண்ணனையோ தோழியையோ, இப்போதே நியமித்துவிடு.

ஜோடனைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பதிவிலாகாவில் கல்யாணப் பதிவுக்கு மனு கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். கடைசி மாதத்துக்குத் தள்ளாதே.

இந்த வாரம் உனக்கு ஒரே வேலைதான். ரப்பர் மரம் இப்போது இலை உதிர்க்கிறது. விடியற்காலையில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு துண்டு ரப்பர் காட்டுக்குப் போ. தரையில் ஆரஞ்சும் செப்பும் சிவப்புமாகக் கிடக்கும். ஓட்டையில்லாத இலையாகப் பொறுக்கி, பழைய நாளிதழுக்கு நடுவில் அடுக்கி, மெத்தைக்கு அடியில் ஒரு வாரம் வை. நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை காகிதம் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததும் நல்ல டப்பாவில் போட்டு வை, அழைப்பிதழில் ஒட்டவும் பெரியவர்கள் மேசையில் பெயர் எழுதி வைக்கவும் உதவும். இன்னும் இரண்டு வாரத்தில் கூட்டி எரித்துவிடுவார்கள், அடுத்த மாசி வரை கிடைக்காது.